ராஜாவின் காரும் கால் பங்கு பெட்ரோலும்

வேங்கைக்குறிச்சி சமஸ்தானத்தில் இருந்தது ஒரே ஒரு மோட்டார் கார். ராஜா விஜயரங்கர் பட்டத்துக்கு வந்த வருஷம் கப்பலில் வந்து இறங்கியது. பதினேழு வருஷம் ஆகியும் யாரும் அதைப் பழைய கார் என்று சொல்வதில்லை. சொன்னால், தம்மைச் சொன்னதாக ராஜா எடுத்துக்கொள்வார்.

அந்தக் கார் திடீரென்று பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது.

அரண்மனையிலிருந்து மலை பங்களாவுக்குப் போய்த் திரும்ப எழுபது மைல். எட்டு கேலன் ஊற்றிக்கொண்டு கிளம்பினால் ஆறு செலவாகும், இரண்டு மிஞ்சும். ஆறு மாதமாக அந்த இரண்டு மிஞ்சவில்லை. போன திங்கட்கிழமை அரண்மனைக்கு ஒரு மைல் முன்னாலேயே கார் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வந்த வைக்கோல் வண்டியில்தான் ராஜா ஊருக்குள் வந்து சேர்ந்தார். தலைப்பாகையில் வைக்கோல் செருகியிருந்ததை ஊரே பார்த்தது. எடுத்துவிட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

பட்டணத்திலிருந்து மெக்கானிக் வந்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்குகளைத் துடைத்தார். டாங்கின் அடியில் படுத்துப் பார்த்தார். "ஒழுகலும் இல்லை, இன்ஜினிலும் கோளாறு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திவான் சேஷகிரி ராவ் அதற்காகத்தான் காத்திருந்தார். தமது மைத்துனருக்கு டிரைவர் வேலை வாங்கித்தர அவருக்கு நெடுநாள் ஆசை.

"வண்டியில் கோளாறு இல்லையென்றால் ஆளில்தான் கோளாறு, மகாராஜா. டிரைவர் மஸ்தான் திருடுகிறான்."

வைக்கோல் கோபம் ராஜாவுக்கு இன்னும் ஆறவில்லை. மஸ்தானைக் காவலில் வைக்கச் சொன்னார். பிறகு ஆஸ்தானப் புலவர் அம்பலவாணர் பக்கம் திரும்பினார்.

"புலவரே, வெள்ளிக்கிழமைக்குள் இதை விசாரித்து முடித்துவிடும். வேறு திருடன் அகப்படாவிட்டால் மஸ்தானுக்கு ஆறு மாதம் சிறை."

அம்பலவாணருக்கு மோட்டாரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது வந்தால் ஒதுங்க வேண்டும் என்பது மட்டும்தான். நேரே காவல் அறைக்குப் போனார். மஸ்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பெட்ரோல் எங்கே போகிறது மஸ்தான்? உமக்குத் தெரியுமா?"

"தெரியும் அய்யா."

"பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை?"

"ஆறு மாசமா வண்டிய ஓட்டுறது யாரு?"

"மகாராஜா."

"நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். மாடு குறுக்க வந்துடும்னு எந்நேரமும் இடது கால பிரேக் மேலயே வச்சிருக்காரு. வலது காலு போ போங்குது, இடது காலு போகாதேங்குது. ரெண்டுக்கும் நடுவுல வண்டி என்ன பண்ணும்? போதாததுக்கு, மேடு பள்ளத்துல வெத்தலைப் பெட்டி குலுங்குதுன்னு டயர்ல பாதிக் காத்த இறக்கச் சொல்லிட்டாரு. இதைச் சொன்னா தலை போகும். சொல்லாட்டி ஜெயிலு. ஜெயில்ல சோறாச்சும் போடுவாங்க."

இப்போது அந்த ரகசியம் அம்பலவாணர் தலையிலும் ஏறிக்கொண்டது.

அன்று இரவு அவர் தூங்கவில்லை. காலையில் சபைக்குப் போய்ச் சொன்னார்: "மகாராஜா, மஸ்தான் காவலிலேயே இருக்கட்டும். டாங்கில் எட்டு கேலன் ஊற்றி, திவான் கையாலேயே அரக்கு முத்திரை வைக்கட்டும். தாங்கள் ஓட்ட, நாங்கள் இருவரும் கூட வருகிறோம். இரண்டு கேலன் மிஞ்சினால் மஸ்தான்தான் திருடன்."

திவானுக்குப் பரம சந்தோஷம். முத்திரையை இரண்டாக வைத்தார்.

போனார்கள். மலை பங்களாவில் சாப்பிட்டார்கள். திரும்பினார்கள். அரண்மனை வாசலுக்கு ஒரு பர்லாங் முன்னால் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முத்திரை அப்படியே இருந்தது. உடைத்து அளவுகுச்சியை விட்டுப் பார்த்தார்கள். குச்சி காய்ந்து வந்தது.

"மஸ்தான் உள்ளே, பெட்ரோல் வெளியே!" என்றார் ராஜா. "யார் எடுத்தது?"

"திவான் அவர்களே, அந்தச் சக்கரத்தின் நடுவில் கொஞ்சம் கையை வைத்துப் பாருங்கள்" என்றார் அம்பலவாணர்.

திவான் வைத்தார். அலறிக்கொண்டு கையை எடுத்தார். தோசைக்கல்லாகக் கொதித்தது சக்கரம்.

அம்பலவாணர் ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, எட்டில் இரண்டு கணக்குக்கு மேல் போயிருக்கிறது. அதற்கு என்ன பெயர்?"

"கால்."

"எடுத்ததும் அதுதான்."

"எது?"

"கால். தங்கள் இடது கால். பிரேக்கை விட்டு அது இறங்குவதே இல்லை. சக்கரம் தேய்ந்து தேய்ந்து சூடாகிறது. டயரில் இறக்கிய காற்று அதற்குக் கூட்டாளி. காற்றுக்கும் செய்யுளில் கால் என்றுதான் பெயர்."

ராஜா குனிந்து தம் இடது காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"திருடனுக்குத் தண்டனை உண்டு என்று சொல்லிவிட்டேன். வாக்கு மாற மாட்டேன். என்ன தண்டனை?"

"பின் சீட்டில் காவல், மகாராஜா. தப்பி ஓடாதபடி அதைத் தூக்கி வலது கால்மேல் போட்டு வைக்க வேண்டும். முன் சீட்டு வேலையை மஸ்தான் பார்த்துக்கொள்வார்."

ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைப் பெட்டி மடியிலிருந்து நழுவி விழுந்தது.

மஸ்தான் அன்றே வெளியே வந்தார். நான்கு டயருக்கும் காற்றடிக்கும் பொறுப்பு திவானிடம் ஒப்படைக்கப்பட்டது. கையில் கட்டோடு அவர் பம்பை அமுக்கினார். அடுத்த வாரம் மஸ்தான் ஓட்ட, கால்மேல் கால் போட்டபடி ராஜா மலைக்குப் போய் வந்தார். டாங்கில் இரண்டு கேலன் தளும்பிக்கொண்டு நின்றது.

ராஜா அம்பலவாணருக்குப் பொன்னாடை போர்த்தினார். "ஏறும் புலவரே, இன்று உம்மைக் காரில் வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்கிறேன்."

"வேண்டாம் மகாராஜா, நடந்தே போய்விடுகிறேன்" என்றார் அம்பலவாணர். "என் கால் இதுவரை பெட்ரோல் குடித்ததில்லை. புதிதாகப் பழக்குவானேன்?"