சட்டைப் பையில் கல்லுப்பு

அருமைநாதனுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் கணக்கெடுப்பு வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர். அவருடைய வழிகாட்டி டாக்டர் மெஹருன்னிசா அவரைவிட ஆறு வயது இளையவர். அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இல்லை. எண் தப்பினால்தான் மனிதருக்குச் சோறு இறங்காது.

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் பிள்ளைகள் ஏன் சரியாக வளரவில்லை என்பது ஆய்வு. மாதம் ஒருமுறை அங்கன்வாடி வாசலில் தராசு வைத்து, அருமைநாதன் எடையைக் கணீரென்று வாசிப்பார். குறைந்தால் அட்டையில் சிவப்புப் புள்ளி. சிவப்புப் பிள்ளைகளுக்குக் கூடுதல் சத்துமாவு உண்டு.

போன மாதம் செங்கமலத்தின் மகள் கயலுக்குச் சிவப்பு. "தாய்க்காரி மட்டும் நல்லாத்தான் இருக்கா" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். அது படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்காததால் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

இந்த மாதம் கயல் முன்னூறு கிராம் கூடியிருந்தாள். சளி என்று சொல்லி செங்கமலம் சட்டையைக் கழற்ற விடவில்லை.

"ஒம்பது கிலோ நூறு. பச்சை" என்று வாசித்தார்.

குழந்தை சட்டைப் பைக்குள் கைவிட்டு, விரலை நக்கி, முகத்தைச் சுளித்தது. தட்டில் கல்லுப்பு சிந்தியது. செங்கமலம் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடியே போனாள்.

அருமைநாதனுக்குக் கோபம்தான் வந்தது. நேரே மெஹருன்னிசாவிடம் போனார்.

"பெத்த புள்ளைக்கு வர்ற மாவை அவங்களே தடுக்குறாங்க மேடம். இவங்கள எப்படி உண்மை சொல்ல வைக்கிறது?"

"நாளைக்குப் பெரியவங்க தராசையும் எடுத்துட்டு வாங்க சார்."

மறுநாள் காலை அங்கன்வாடி வாசலில் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். ஓரமாகச் செங்கமலமும் நின்றாள்.

"ஏறுங்க சார்" என்றார் மெஹருன்னிசா.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மெஹருன்னிசா குனிந்து பார்த்து, தெருமுனை வரை கேட்க வாசித்தார்.

"அம்பது கிலோ. உயரத்துக்குப் பத்து கிலோ கம்மி. சிவப்பு."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "பாவம், வீட்டுல சோறு போட மாட்டாங்க போல" என்றாள் ஒருத்தி.

அருமைநாதனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அவசரமாக இறங்கினார்.

"மேடம், வீட்டுல அவ நல்லாத்தான் ஆக்கிப் போடுறா. எனக்குத்தான் ரெண்டு மாசம் முன்னால மஞ்சக்காமாலை வந்துச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"உங்க வீட்டம்மாவப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலியே சார்."

அருமைநாதன் குழந்தைகள் தராசைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். செங்கமலத்தைப் பார்த்து, வாம்மா என்பதுபோலத் தலையசைத்தார்.

அவள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அவரே கதவைச் சாத்தினார். அவர் கேட்காமலே அவள் கயலின் சட்டையைக் கழற்றித் தட்டில் உட்காரவைத்தாள்.

முள் எட்டே முக்காலுக்குப் பக்கத்தில் நின்றது. அருமைநாதன் அதைப் பார்த்தார். சத்தமில்லாமல் எழுதிக்கொண்டார்.