குடும்பத்துக்கு ஒரு துப்பாக்கி

ஓடைக்குளத்து வெயிலாண்டிக்கு இரண்டு தம்பிகள். நடுவில் உள்ளவன் வெள்ளைக்கண்ணு, கடைசி ஒண்டிவீரன். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எந்தக் காரியமானாலும் சேர்ந்துதான் யோசிப்பார்கள். தனித்தனியாக யோசித்தால் பாதிக் காரியமாவது ஒழுங்காக நடக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை அவர்கள் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் திருவிழாவில் பலூன் சுடும் கடை வந்திருந்தது. வெள்ளைக்கண்ணுவின் மைத்துனன் சோலையப்பன் வரிசையாகப் பலூன்களை உடைத்தான். வெள்ளைக்கண்ணு சுட்டான், கடையின் டியூப் லைட் உடைந்தது. பலூனைவிடப் பெரிய சத்தத்தோடு உடைந்தது என்பது உண்மைதான். சோலையப்பன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெள்ளைக்கண்ணுவின் மனைவி மாரக்காள் சிரிக்கவில்லை. நேராகப் போய்த் தன் அண்ணன் சோலையப்பனின் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க அண்ணன் கண்ணு முன்னால ஒரே ஒரு பலூனை உடைச்சுக் காட்டுங்க. அன்னைக்கு வாறேன்" என்றாள்.

அன்றிலிருந்து வெள்ளைக்கண்ணுவுக்குப் பாயில் பாதி காலியாகக் கிடந்தது. அந்தப் பாதியில் போய்ப் படுத்துப் பார்த்தான். இந்தப் பாதி காலியானது. மனசு விட்டுப்போய் அண்ணனிடம் சொன்னான்.

வீட்டிலேயே சுட்டுப் பழக வேண்டும், அதற்குச் சொந்தமாக ஒரு துப்பாக்கி வேண்டும் என்று வெயிலாண்டி தீர்மானித்தான். ஒருத்தனுக்கு மட்டும் வாங்கினால் மற்றவர்களுக்கு மனக்குறை வரும். ஆகவே குடும்பத்துக்கு என்று வாங்குவது, அதுவும் விலை குறைவாக வாங்குவது. சட்டை மாதிரி துப்பாக்கியும் கைக்குப் பொருந்த வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெயிலாண்டியின் மனைவி குருவம்மாள் வீட்டில் இருந்த எல்லார் கையையும் கயிற்றால் அளந்தாள். குடும்பத்துக்கு ஒரே துப்பாக்கி என்பதால், கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து ஒரே கயிறாக்கிக் கொடுத்தாள்.

டவுனில் மைதீன் ராவுத்தர் கடையில் பந்து, மட்டை, தூண்டில் முள்ளோடு ஏர் கன்னும் கிடைக்கும். மூன்று பேரும் கயிற்றோடு அங்கே போனார்கள். ராவுத்தர் கயிற்றைப் பிரித்தார். அது கல்லாவைத் தாண்டி வாசல்வரை போயிற்று. இந்த நீளத்துக்குக் கப்பலில்தான் வைப்பார்கள் என்றார். கப்பலில் வைப்பது என்ன விலை வரும் என்று வெயிலாண்டி விசாரித்தான்.

ராவுத்தர் இரண்டு ஏர் கன்களை எடுத்து வைத்தார். ஒன்றின் குழல் ஓட்டை நாலரை மில்லி, இன்னொன்று ஐந்தரை.

"பெருசையே வாங்குவோம்ணே" என்றான் ஒண்டிவீரன். "ஓட்டை பெருசா இருந்தா குறி பாக்குறதுக்கு வசதி." சொல்லிவிட்டுக் குழலின் முனையில் கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே இருட்டாக இருக்கிறது என்றான்.

ராவுத்தர் பாய்ந்து பிடுங்கினார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"தம்பி, உள்ள குண்டு இல்லைன்னு தெரிஞ்சாலும், இருக்குன்னே நினைச்சு நடக்கணும். இதுதான் முதல் பாடம். கடைசிப் பாடமும் இதுதான்."

வெயிலாண்டி அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டான். விலை குறைந்தது நாலரை மில்லி என்று தெரிந்ததும் அதையே கட்டச் சொன்னான். ராவுத்தர் ஈயக் குண்டு டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்.

"இது எதுக்கு? உள்ளதான் இருக்கே" என்றான் வெயிலாண்டி.

"இல்லையேப்பா."

"இல்லைன்னு தெரிஞ்சாலும் இருக்குன்னே நினைக்கணும்னு இப்பத்தானே சொன்னீங்க ராவுத்தரே? எங்ககிட்டயேவா?"

ராவுத்தர் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அவருக்கும் ஓடைக்குளம் போகிற சாலையில்தான் வீடு.

பழக்கம் ஆரம்பித்தது. கொல்லையில் ஒரு குச்சியை நட்டு, முழங்கால் உயரத்தில் பலூனைக் கட்டினார்கள். வெள்ளைக்கண்ணு துப்பாக்கியைத் தூக்கினால் போதும், குடும்பமே தரையில் குப்புறப் படுத்தது. குருவம்மாள் சோற்றுப் பானையோடு படுத்தாள். சில நாளில் கோழிகளும் உட்காரப் பழகிவிட்டன. வெள்ளைக்கண்ணு விசையை இழுப்பான். உஸ்ஸென்று சத்தம் வரும். பலூன் அப்படியே இருக்கும்.

ஆனால் நாளுக்கு நாள் அது சுருங்கிக்கொண்டு வந்தது. உள்காயம் என்றான் ஒண்டிவீரன். சின்னத் துப்பாக்கி, மெதுவாகத்தான் வேலை செய்யும், கொடுத்த காசுக்குக் குறையில்லை என்று வெயிலாண்டி திருப்திப்பட்டான்.

வெள்ளைக்கண்ணுவுக்குத்தான் கவலை. "பலூன் சுருங்குற வரைக்கும் மச்சான் உக்காந்து பாப்பானா அண்ணே?"

"கோழி அடிச்சுப் போட்டா உக்காருவான்."

சொல்லி அனுப்பினார்கள். சோலையப்பன் தங்கையோடு வந்து இறங்கினான். மாரக்காள் வாசலிலேயே நின்றாள். கையில் இருந்த துணிப்பையைக் கீழே வைக்கவில்லை. வெள்ளைக்கண்ணு அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பலூனில் ஏதாவது ஏமாற்று இருக்கும் என்று சோலையப்பன் கொல்லைக்குப் போய்க் குனிந்து தடவிப் பார்த்தான். வெள்ளைக்கண்ணு துப்பாக்கியைச் சும்மா தோளில் வைத்துப் பார்க்கலாம் என்று தூக்கினான். அவ்வளவுதான். அண்ணன், தம்பி, குருவம்மாள், கோழிகள் எல்லாம் தரையோடு தரையானார்கள். நிமிர்ந்த சோலையப்பன் அதைப் பார்த்தான். காரணம் கேட்க நேரமில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவனும் விழுந்தான், பலூன் மேல்.

பலூன் நன்றாகவே வெடித்தது. விசையை இழுத்தோமா இல்லையா என்று வெள்ளைக்கண்ணுவுக்கே தெரியவில்லை.

"உடைச்சது யாரு?" என்று பையோடு கொல்லைக்கு வந்த மாரக்காள் கேட்டாள்.

தம்பியின் குண்டு பலூனுக்குள் புகுந்து சோலையப்பனுக்குள் போய்விட்டது என்றான் வெயிலாண்டி. சோலையப்பன் எழுந்து சட்டையைத் தடவினான். ஓட்டை எதுவும் இல்லை. விழுந்ததில் உடைந்தது என்று சொல்லத் தொடங்கினான். மாரக்காள் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினாள்.

ஒண்டிவீரன்தான் நிதானமாகப் பேசினான். "குண்டு படலேன்னா நல்லது மச்சான், நீங்க கிளம்பலாம். பட்டிருந்தா அலையக்கூடாது. கட்டில்ல படுத்துக் கோழிச்சாறு குடிக்கணும்."

அந்த நேரம் பார்த்து, அடுக்களைக்குப் போயிருந்த குருவம்மாள் சட்டியின் மூடியைத் திறந்தாள். மிளகு வாசனை கொல்லை வரை வந்தது. சோலையப்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மெதுவாக விலாவில் கையை வைத்தான்.

"இங்கனதான் சுருக்குனு இருக்கு" என்றான்.

மாரக்காள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

சோலையப்பனைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஓட்டை போடாமல் உள்ளே போன குண்டு, ஓட்டை போடாமலே வெளியே வரும் என்று வெயிலாண்டி கணித்தான். வந்தால் தவறவிடக் கூடாது. இந்த விலைக்கு ராவுத்தர் ஒரு குண்டுதான் போட்டுக் கொடுத்திருப்பார். கழுவித் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே ஆள் மாற்றி ஆள் கட்டிலுக்கு அடியில் முறத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வெள்ளைக்கண்ணுவின் முறை வந்தது. அடுக்களையில் மாரக்காள் மூன்றாவது தரமாகச் சாற்றைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள். அவன் முறத்தை அசையாமல் பிடித்திருந்தான்.

கட்டிலிலிருந்து சோலையப்பன் முனகினான். "மாப்ளே, அது இப்பக் காலுக்கு எறங்கிருச்சு. மொறத்தை அங்கிட்டுத் தள்ளு."

வெள்ளைக்கண்ணு தள்ளி வைத்தான்.