யானையின் வல்லாரையைத் தின்ற சபை

வெண்ணாவல் நாட்டை முன்பொரு காலத்தில் வெட்சிவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். அவன் செய்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொன்னால்தான் அமைச்சர் எயினனாரின் தலைவலி உங்களுக்குப் புரியும். முதலில், குடிக்கிற கிணற்றுத் தண்ணீருக்கு வரி போட்டான். அடுத்து, முறையிட வந்த ஜனங்கள் அரண்மனை வாசலில் சத்தம் போடக் கூடாது என்று தடை போட்டான். மூன்றாவதாக, அந்தத் தடையைத் தண்டோரா போட்டு அறிவித்தவனையே, வாசலில் சத்தம் போட்டான் என்று சிறையில் தள்ளினான். அவன் இன்னும் உள்ளேதான் இருந்தான். நாலாவதாக வந்தது யானை வழக்கு.

பட்டத்து யானைக்கு வயதாகிவிட்டது. காலையில் ராஜாவுக்குத் தும்பிக்கை தூக்கி வணக்கம் வைக்க வேண்டிய யானை, இப்போதெல்லாம் அவனைத் தாண்டிப் போய் மடைப்பள்ளிச் சமையல்காரருக்கு வைத்தது.

"ராஜத்துரோகம்!" என்று குதித்தான் ராஜா. "என்னை மறந்தவருக்கு என் நாட்டில் இடமில்லை. காட்டுக்குத் துரத்துங்கள்!"

கொட்டிலில் வளர்ந்த யானை. பல்லும் தேய்ந்துபோனது. காட்டில் விட்டால் செத்துவிடும் என்று எயினனாருக்குத் தெரியும்.

"உங்கள் தகப்பனார் காலத்தில் தினமும் ஒரு கூடை வல்லாரையைச் சோற்றுக் கவளத்தில் பிசைந்து கொடுப்பார்கள், மகாராஜா. அதை நிறுத்தியது யார் என்று கேளுங்கள்."

அரண்மனை வைத்தியர் சஞ்சீவிராயர் எழுந்தார். அமைச்சர் வாயைத் திறந்தாலே அவருக்கு வயிறு எரியும்.

"நான்தான் நிறுத்தினேன். ஞாபகசக்தி தரும் மூலிகையை மிருகத்துக்குக் கொட்டுவதா? நெய்யும் தேனும் சேர்த்து லேகியமாக்கினேன். மகாராஜாவும் சபையாரும் சாப்பிடுகிறோம். வேண்டாம் என்றவர் அமைச்சர் ஒருவர்தான். அவர் பேச்சிலேயே தெரியவில்லையா?"

சபை சிரித்தது. இந்தக் கூட்டத்தோடு எத்தனை காலம் மாரடிப்பது என்று எயினனார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, துரத்திவிடலாம்," என்றார். "ஆனால் நம் நாட்டு முறை இருக்கிறதே! நாடு கடத்தப்படுகிறவர் பெயரைச் சாட்சிகள் முன்னால் அரசர் தம் வாயால் சொல்ல வேண்டும். யாராவது எடுத்துக் கொடுத்தால் தீர்ப்பு செல்லாது. சொல்லுங்கள்."

"பட்டத்து யானை."

"அது பதவி, மகாராஜா. பெயர்?"

ராஜா மேலே பார்த்தான். கீழே பார்த்தான். எயினனார் சஞ்சீவிராயர் பக்கம் திரும்பினார்.

"லேகியக் குடம் முழுக்க உள்ளே போயிருக்கிறதே, வைத்தியரே. நீர் என் காதில் சொல்லும் பார்ப்போம்."

சஞ்சீவிராயர் வந்து முணுமுணுத்தார்.

"கஜேந்திர சிம்மமாம்!" என்றார் எயினனார் உரக்க. "யானையா சிங்கமா, ஒன்றைச் சொல்லுமய்யா!"

பிறகு ராஜாவிடம் திரும்பினார். "வல்லாரை முதுமையை ஓட்டிவிடாது, மகாராஜா. ஆனால் அது கிடைத்தவரைக்கும் யானை உங்களை மறக்கவில்லை. நீங்களோ அதன் பங்கைத் தின்றுகொண்டே அதை மறந்தீர்கள். மறதி குற்றமென்றால், காட்டுக்குப் போகிற வரிசையில் யானைதான் கடைசி. சின்ன வயதில் ஆற்று வெள்ளத்திலிருந்து உங்களைத் தூக்கிக் கரை சேர்த்ததே! ஈரத்துணியோடு உட்கார்ந்து அதற்குப் பெயர் வைத்தது யார்?"

ராஜா வாசலில் நின்ற யானையை வெகுநேரம் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது.

"தண்டனை ரத்து. கூடை யானைக்கே போகட்டும். இனி வைத்தியரே குளத்துச் சேற்றில் இறங்கி வல்லாரை பறிப்பார். அமைச்சரே, உமக்கு இந்த முத்துமாலை."

"மாலை வேண்டாம். அந்தத் தண்டோராக்காரனை விடுங்கள்."

விட்டார்கள். அவனே வாசலில் தண்டோரா போட்டு ஊரைக் கூட்டினான். சாட்சிகள் வந்து நின்றார்கள்.

"மன்னிப்புக்கும் அதே முறைதான், மகாராஜா," என்றார் எயினனார்.

ராஜா உதட்டுக்குள் ஏதோ சொன்னான்.

"சாட்சிகளுக்குக் கேட்கவில்லை. சத்தம் போடலாம், இனிமேல் பிடித்து உள்ளே போட மாட்டார்கள்."

ராஜா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"கொழுக்கட்டை!"