குளிராத ஏசியும் ஆவுடையப்பன் வாயும்

ஆவுடையப்பன் பொய்யே சொல்லமாட்டான் என்று பாளையங்கோட்டையில் யாராவது சொன்னால், அந்த ஊரிலேயே பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும். பழைய காருக்கு ஏசி ரிப்பேர் பார்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் ஸ்பேனர் கைக்கு வந்தால் புளுகு வாய்க்கு வந்துவிடும். "வாய் ஓடுனாத்தான் எனக்குக் கை ஓடும்" என்பான்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஞானப்பூ அக்கா தன் பழைய வெள்ளைக் காரை அவன் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கியவளைப் பார்த்தால் தாமிரபரணியில் முங்கிவிட்டு அப்படியே ஏறி வந்தவள் மாதிரி இருந்தது.

"ஏசியப் போட்டா அனல் அடிக்குப்பா. அடுப்ப ஊதுத மாதிரி. சாயந்தரம் மெஞ்ஞானபுரத்துல கல்யாண வரவேற்பு. மூணு அடுக்கு கேக்கு. வெண்ணெய் கிரீமு. நான் என்ன செய்ய?"

ஞானப்பூ வீட்டிலேயே கல்யாணக் கேக் செய்து கொடுப்பவள். அவள் கைப்பக்குவத்துக்கு எந்தக் குறையும் இல்லை, குறையெல்லாம் காரில்தான். போன வாரம் சாத்தான்குளத்துக்கு ஒரு கேக் கொண்டுபோனாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கோபுரம் மாதிரி நின்றது, போய் இறக்கும்போது கரையான் புற்று மாதிரி உட்கார்ந்துவிட்டது. கத்தியால் வெட்ட வேண்டியதைக் கரண்டியால் அள்ளிப் பரிமாறினார்கள். பந்தியில் ஒரு ஆள் "பாயாசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. அதிலிருந்து அவளுக்குத் தூக்கமே சரியில்லை. இன்றைக்கும் அப்படி ஆனால், இனி ஒரு பயல்கூட அவளிடம் கேக்குக்குச் சொல்லமாட்டான்.

"உக்காருங்கக்கா. உங்க காரு என்ன, செத்த காருக்கே நான் குளிரு காய்ச்சல் வர வச்சிருக்கேன்" என்று ஆவுடையப்பன் பானெட்டைத் தூக்கினான்.

பக்கத்தில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து பீர்முகம்மது நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். டிராவல்ஸ் வேன் ஓட்டுகிறவர். அவர் வேனும் அங்கே ஏசிக்காகத்தான் முறை காத்து நின்றது. "ஆரம்பிச்சிட்டான்" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

ஆவுடையப்பன் மீட்டரை மாட்டிக் கேஸ் அளவு பார்த்தான். "கேஸ் சரியா இருக்கு. சின்னக் கோளாறாத்தான் இருக்கும். போன வருசம் ஒரு வக்கீலு இதே மாதிரி ஒரு காரோட வந்தாரு. செஞ்சு குடுத்தேன். ஏசியப் போட்டுட்டு கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள மனுசனுக்கு மீசை விறைச்சிப்போச்சு. வாயத் திறக்க முடியல. ஜட்ஜு கேட்ட கேள்விக்கெல்லாம் கம்முன்னு நிக்காரு. 'இவ்வளவு அடக்கமான வக்கீல நான் பார்த்ததே இல்ல'ன்னு ஜட்ஜு அவரு பக்கமே தீர்ப்பு சொல்லிட்டாரு. அவரு சர்வீசுல ஜெயிச்ச ஒரே கேசு அதுதான்."

"வேய், அப்போ நீரு எதுக்கு மண்டையில ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு நிக்கீரு? அந்தக் குளிருல கொஞ்சம் உமக்கு எடுத்து வச்சுக்கிடப்படாதா?" என்றார் பீர்முகம்மது.

"சோறாக்குதவன் வயிறு நிறையுதா பாய்? அதே மாதிரிதான்."

ஞானப்பூவுக்குக்கூட லேசாகச் சிரிப்பு வந்தது. சரி, சின்னப் பொய்தான், சீக்கிரம் முடித்துவிடுவான் என்று நினைத்தாள்.

அவன் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டான். கம்ப்ரசர் 'டக்'கென்று பிடித்தது. "இதுவும் நல்லா இருக்கே" என்று தாடையைச் சொறிந்தான். உள்ளே கையை நீட்டிப் பார்த்தான். அனல்தான். உடனே குரல் ஒரு படி ஏறியது.

"இதுகூடப் பரவாயில்ல. அதே வக்கீல் காரு மறுநாள் கண்ணாடிய இறக்கிவிட்டுக்கிட்டு மீன் மார்க்கெட் வழியாப் போச்சு. பெட்டியில செத்துக் கிடந்த சீலா மீனு, 'ஆத்தி, குளுருதே'ன்னு எந்திரிச்சு உக்காந்துட்டு. அன்னைக்கு மார்க்கெட்டுல ஒரு துண்டு ஐஸ் விக்கல. ஐஸ் கம்பெனிக்காரன் ரோட்டுல நின்னு அழுதான். பாவம், அழுத கண்ணீரும் கன்னத்துலயே உறைஞ்சிபோச்சு. அத உடைச்சு ரெண்டு பேருக்கு சர்பத் போட்டுக் குடுத்தான்."

பீர்முகம்மது தன் டம்ளரை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் ஞானப்பூவுக்கு ஒன்று புரிந்தது. கோளாறு எதுவென்று தெரிந்திருந்தால் இவன் சின்னதாகப் புளுகுவான். தெரியாவிட்டால்தான் பெரிதாகப் புளுகுவான். பொய் பெருகப் பெருக, கோளாறு இன்னும் கைக்குச் சிக்கவில்லை என்று அர்த்தம். அதிலிருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டர் முகத்தைப் பார்க்கும் நோயாளி வீட்டுக்காரி மாதிரி.

ஆவுடையப்பன் முன்பக்க ஜாலிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர் முழுக்கச் சேறும் செத்த பூச்சியும் அப்பியிருந்தது. குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். ஃபேன் ஜோராகச் சுற்றியது. உள்ளே போய்ப் பார்த்தால், அதே அனல்.

"குத்தாலத்துக்கு ஒருக்க போனேன்" என்று தொடங்கினான்.

ஞானப்பூ நெஞ்சில் கை வைத்தாள். பொய் குற்றாலம் வரைக்கும் போய்விட்டதே!

"நான் செஞ்ச காருதான். மெயினருவிக்குப் பக்கத்துல நிப்பாட்டி, ஏசிய அணைக்க மறந்துட்டு, கதவத் திறந்துபோட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து பார்க்கேன், அருவி பாதியில நிக்கி. உறைஞ்சி தொங்குது. தலைக்குச் சீயக்கா தேச்சவனெல்லாம் கண்ணத் திறக்க முடியாம, 'தண்ணி எங்க, தண்ணி எங்க'ன்னு மேல கையத் தூக்கிக்கிட்டு நிக்கான். குரங்கெல்லாம் மேல ஏறி ஏறிச் சறுக்கு விளையாடுது. தென்காசிக்காரங்க ரம்பம் கொண்டாந்து அறுத்து, உமி போட்டு மூட்டையாக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாங்க. இப்பவும் அந்தப் பக்கம் சில வீட்டுல பரண்மேல அருவி இருக்கு."

"நான் வாரத்துக்கு ரெண்டு தடவை குத்தாலத்துக்கு வேன் ஓட்டுதேன். எனக்குத் தெரியாம எப்பவே உறைஞ்சிச்சு?"

"நீரு சீசனுக்குத்தான போவீரு? இது நடந்தது சித்திரையில."

"சித்திரையில அருவியில தண்ணியே கிடையாதுவே!"

"அதான் பாய் நானும் சொல்லுதேன். இல்லாத தண்ணியவே உறைய வச்சிருக்கேன்னா, இருக்குற தண்ணிய என்ன பாடு படுத்தியிருப்பேன்?"

பீர்முகம்மது மறுபடியும் சர்பத் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ஃபில்டரை உருவினான். எலி கூடு கட்டிக் குடும்பம் நடத்திய அடையாளம் இருந்தது. கடலைத் தொலி, பஞ்சு, பாதி தின்ற கேக் காகிதம். எல்லாவற்றையும் தட்டிச் சுத்தம் செய்து மாட்டினான். இப்போது காற்று புயல் மாதிரி வந்தது. ஆனால் அதுவும் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரிதான் வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"ஒருநாள் மத்தியானம் நாகர்கோவில் ரோட்டுல போய்க்கிட்டிருக்கேன். ஏசி ஜிலுஜிலுன்னு அடிக்கி. ஜன்னல் கண்ணாடிய யாரோ தட்டுதாங்க. திரும்பிப் பார்த்தா, சூரியன்."

"யாரு?"

"சூரியன் பாய். முகமெல்லாம் வேர்த்து வடியுது. 'ஐயா, நானும் பொறந்ததுலேர்ந்து வெயில்லயே நிக்கேன். கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துக்கிடட்டுமா'ன்னு கேக்காரு. எனக்கு மனசு கேக்கல. பின்சீட்டுல ஏறச் சொன்னேன். ஏறுன உடனே தூங்கிட்டாரு. வள்ளியூர் தாண்டுத வரைக்கும் ஊரெல்லாம் இருட்டு. கோழியெல்லாம் கூட்டுல அடைஞ்சிட்டு."

"அது கிரகணம்வே!"

"வெளியில அப்படிச் சொல்லித்தான் சமாளிச்சாங்க."

ஞானப்பூ எழுந்துவிட்டாள். "ஆவுடையப்பா! அந்தச் சூரியன வள்ளியூர்ல இறக்கிவிட்டுட்டு என் காரப் பாரு. உன் பொய்யி ஆகாயத்துக்குப் போயிட்டு. இனி மேல போக இடமில்ல. கோளாறு பிடிபடலன்னா பிடிபடலன்னு சொல்லு. அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில ஒரு தடவதான் கல்யாணம். அதுல போயி நான் பாயாசமா ஊத்துவேன்?"

கடைசி வார்த்தை சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

ஆவுடையப்பன் வாயை மூடினான்.

பீர்முகம்மது பயந்துபோனார். "என்னவே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். அவன் இன்ஜினுக்குள் குனிந்து, ஏசிக் குழாயைத் தொட்டுப் பார்த்தான். குழாய் சில்லென்று வேர்த்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். குளிர் இங்கே வரைக்கும் ஒழுங்காக வருகிறது. அப்புறம் எங்கே போய்க் கெட்டுப்போகிறது?

காருக்குள் புகுந்து மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து, "அக்கா, ஒரு ஹேர்பின் குடுங்க" என்று குரல் வந்தது. ஞானப்பூ கொண்டையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். உள்ளே என்னவோ 'கிளிக்' என்றது.

காற்று மாறியது. முதலில் வெதுவெதுப்பு போனது, பிறகு குளுகுளு என்று வந்தது. ஞானப்பூ முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் வெளியே வந்தான். "உள்ள ஒரு சின்ன மூடி இருக்கும். ஹீட்டர் காத்து வராம அடைக்கது. அதோட கம்பி கழண்டு, மூடி திறந்தே கிடந்திருக்கு. ஏசி குளிரா ஊத, ஹீட்டர் சூடா ஊத, ரெண்டும் கலந்து வந்திருக்கு. ஹேர்பின்னு போட்டு மூடியக் கட்டியிருக்கேன். அவ்வளவுதான்."

பீர்முகம்மது அவனை மேலும் கீழும் பார்த்தார். "அருவி உறைஞ்சதக்கூட நம்பிக்கிடலாம்வே. காருல ஏசிய ஹேர்பின்னு சரி பண்ணுச்சுன்னா எவன் நம்புவான்? இப்படியா கூசாமப் பொய் சொல்லுவீரு?"

"நெசமாத்தான் பாய்!"

"போம்வே."

முதல் தடவையாக உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்ட ஆவுடையப்பன் திருதிருவென்று விழித்தான். ஞானப்பூ காரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

வீட்டில் கேக்கைப் பின்பக்கம் ஏற்றி, உச்சியில் சர்க்கரையில் செய்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தினாள். பெண்ணுக்கு வெள்ளைப் புடவை, மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு. கருங்குளத்துக்கிட்டே ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வர, பிரேக்கை மிதித்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அடுக்கு மூன்றும் அசையவில்லை. கிரீம் கல்லு மாதிரி இருந்தது. பொம்மைகள் இரண்டும் மட்டும் வழுக்கிப்போய்த் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றன. நிற்கட்டும், நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். போகப்போகக் குளிர் தாங்காமல் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள்.

மெஞ்ஞானபுரத்தில் கேக்கை மேடையில் வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. வெளியே மரத்து இலைகூட ஆடாத வெயில். உள்ளே கேக் கோபுரமாக நிற்கிறது. மாப்பிள்ளையின் அத்தை, கண்ணாடி போட்ட குண்டு அம்மாள், முன்னால் வந்து நின்றாள்.

"இந்த வெக்கையில நாங்களே உருகிப்போயிட்டோம். இது எப்படிம்மா உருகாம வந்துச்சு?"

ஹேர்பின் என்ற வார்த்தை ஞானப்பூ நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். அந்தச் சின்ன உண்மையை இத்தனை பேருக்கு நடுவில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், மனசுக்குள் ஆண்டவரிடம் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"காருல அப்படி ஒரு ஏசிம்மா. செய்துங்கநல்லூர் தாண்டலை, பின்னாலேர்ந்து பல்லு கடகடன்னு ஆடுத சத்தம் கேக்கு. திரும்பிப் பார்த்தா, இந்தப் பொம்மைப் பொண்ணு குளிருல வெடவெடன்னு நடுங்குதா. மாப்பிள்ளைக்குப் பொறுக்கல. பக்கத்துல நகந்து வந்து, தன் கோட்டக் கழட்டி அவளுக்குப் போத்திவிட்டாரு. நானே என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கூட்டம் வாயைப் பிளந்தது. அத்தை மட்டும் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, குனிந்து, பொம்மைகளை நிதானமாகப் பார்த்தாள்.

"கோட்டு அவன் மேலதான இருக்கு? குடுத்தத அதுக்குள்ள திரும்ப வாங்கி மாட்டிக்கிட்டானாக்கும்" என்றாள். "அப்போ சரி. எங்க வீட்டு ஆம்பளையேதான்."