கிழிந்து வந்ததா, சேர்ந்து வந்ததா

குரு என்றால் தாடி இருந்தே ஆக வேண்டுமா என்ன? இந்தக் குரு ஒரு வேதியியல் பேராசிரியை. பெயர் மங்கையர்க்கரசி. சிஷ்யை பரிபூரணம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கல்லூரி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர்.

கரி, அதாவது கார்பன் அணுக்கள் பந்துபோல் மூடிக்கொண்ட குட்டிக் கூடுகள்தான் ஆராய்ச்சி. அவை எப்படி உண்டாகின்றன என்பதில் இரண்டு கட்சி. பெரிய கரித்தகடு கிழிந்து, அந்தத் துண்டு சுருண்டு மூடிக்கொள்கிறது என்பார்கள் சிலர். உதிரி அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து கூடாகின்றன என்பார்கள் மற்றவர்கள்.

பரிபூரணத்துக்கு இந்தச் சண்டையில் சோறு இறங்கவில்லை.

"எது மேடம் நிஜம்?"

"இதுக்கு ஏன் அக்கா இப்படித் தவிக்கிறீங்க?"

பரிபூரணம் கையிலிருந்த குறிப்பேட்டை மூடிவைத்தார்.

"நான் அநாதை இல்லத்துல வளர்ந்தவ. புயல்ல சிதறிப்போன பெரிய குடும்பத்துப் பிள்ளைன்னு ஒரு சிஸ்டர் சொல்வாங்க. பஸ் ஸ்டாண்டுல கிடந்தவ, ஆளாளுக்குத் தூக்கி வளர்த்தோம்னு இன்னொரு சிஸ்டர். ரெண்டு பேரும் இப்ப இல்ல. அம்மான்னு நினைக்கணும்னாகூட எந்தப் பக்கம் திரும்பி நினைக்கிறதுன்னு தெரியல மேடம்."

இத்தனை வயதிலும் அந்த ஏக்கம் அவருக்குத் தீரவில்லை.

குரு எழுந்துபோய் இரண்டு புட்டிகளில் புகைக்கரி கொண்டுவந்தார்.

"ஒண்ணு கரித்தண்டைச் சிதறடிச்சு எடுத்தது. இன்னொண்ணு வாயுவை எரிச்சுப் பிடிச்சது. எது எதுன்னு சொல்லுங்க."

பரிபூரணம் இரண்டையும் கரைத்தார், வடிகட்டினார், கூடுகளை மட்டும் பிரித்தெடுத்தார். சாயங்காலம் இரண்டு சோதனைக் குழாய்களோடு வந்தார்.

"தெரியல மேடம். ரெண்டு கரைசலும் ஒரே ஊதா. கருவியில பார்த்தாலும் கூடு மூடின தடம் தெரியல."

"சரி, ஒண்ணைக் கொட்டிடுங்க."

"எதை மேடம்?"

"பிறப்பு தெரியாததை."

பரிபூரணம் கழிவு ஜாடிவரை போனார். கை சாயவே இல்லை. இரண்டு குழாய்களையும் நெஞ்சோடு பிடித்தபடி திரும்பி வந்தார். கண் நிறைந்திருந்தது.

"அப்ப அந்தக் கேள்வியையே விட்டுடச் சொல்றீங்களா?"

"எப்படி விட முடியும்? நானே இன்னும் தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

குரு குழாய்களை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆனா விடை கிடைக்கிற வரைக்கும் இது ஊதாவா இருக்கக் கூடாதா, அக்கா?"