மகளைக் கொடுக்குமுன்

அன்று அசர் தொழுகைக்குப் பின் அறையில் இருந்தவர்கள்: தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சதக்கத்துல்லா, தையற்கடை அபூசாலி, அவர் தம்பி இல்யாஸ், ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் ஜக்கரியா, கவுஸ் மைதீன். திரைக்கு அந்தப் பக்கம் ஹஜ்ரத்தின் மனைவி ருகையா பீவி, அபூசாலியின் மனைவி. ஆக ஏழு பேர். எல்லோரும் காரைக்காலிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பாரிஸை ஒட்டிய ஒரு ஊரில், தையற்கடைக்கு மேலே, வாடகைக்குப் பிடித்த தொழுகை அறை அது.

கவுஸ் மைதீன்தான் பேச்சை எடுத்தார்.

"இந்த ஊர்ப் பொம்பளையோட நம்ம பையன் ஒருத்தன் சேர்ந்து நடந்தா, மார்க்கம் என்ன சொல்லுது ஹஜ்ரத்?"

எந்தப் பையன் என்று யாரும் கேட்கவில்லை. கபீர் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அடுத்த மாதம் கவுஸ் மைதீனின் மகளுக்கும் கபீருக்கும் நிக்காஹ்.

"கேள்விப்பட்டீங்களா, பார்த்தீங்களா?" என்றார் ஹஜ்ரத்.

"பார்த்தேன்."

அவர் விவரமாகவே சொன்னார். கபீர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவனோடு நிக்கோல் என்று ஒரு பெண் இருப்பதாகத் தெரிந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பெண்ணைப் பெற்றவர் சும்மா இருக்க முடியுமா? சாயங்காலம் வேலை விடும் நேரத்துக்கு மருந்துக்கடை ஓரமாகப் போய் நின்றார். முதல் வாரம் கபீர் தன் பாட்டுக்கு பஸ் ஏறிப் போனான். அவள் தனியாக நடந்து போனாள். இது நடிப்பாகவும் இருக்கலாமே என்று அவள் வீட்டு வாசல் வரைக்கும் பின்னாலேயே போனார். மாடியில் விளக்கு எரிந்தது. யார் வருகிறார்கள் பார்ப்போம் என்று எதிரே நின்றார். யாரும் வரவில்லை. விடாமல் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் நினைத்தது சரியாகிவிட்டது. கபீர் அவளோடு நடந்து வந்தான்.

"கவுஸ் நானா போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்" என்றான் இல்யாஸ். ஜக்கரியா சிரித்தான்.

ஹஜ்ரத் சிரிக்கவில்லை.

"முதல் வாரம் நீங்க நின்னது வெளிச்சத்திலயா?"

"இருட்டுலதான் ஹஜ்ரத். குல்லாயைப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தேன்."

"அவ திரும்பிப் பார்த்தாளா?"

"அடிக்கடி பார்த்தா. மனசுல கள்ளம் இருந்தா பார்க்கத்தானே செய்வா? கடைசி நாள் ஓடியே போயிட்டா."

இல்யாஸின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ருகையா பீவி கேட்டார்.

"தம்பி, செவ்வாய்க்கிழமை அந்த ரெண்டு பேருக்குப் பின்னால யாராவது வந்தாங்களா?"

கவுஸ் மைதீன் யோசித்தார். "யாரோ ஒரு கிழவி. கையில காய்கறிப் பை."

"நான்தான் அந்தக் கிழவி."

ஹஜ்ரத் குரலை உயர்த்தாமல் சொன்னார். திங்கட்கிழமை கபீர் அவரிடம் வந்திருந்தான். கூட வேலை செய்யும் பெண்ணை யாரோ ஒரு ஆள் இருட்டில் பின்தொடர்கிறான், வீடு வரைக்கும் துணைக்கு வரச் சொல்லி அழுகிறாள், போகலாமா என்று கேட்டான். தனியாகப் போகாதே, ருகையாவையும் கூட்டிக்கொண்டு போ என்று அவர் சொல்லியிருந்தார்.

அபூசாலி எழுந்து கீழே கடைக்குப் போனார். இல்யாஸும் போனான். ஜக்கரியா பஸ் வந்துவிடும் என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பைத் தேடினான். திரைக்குப் பின்னாலிருந்து அபூசாலியின் மனைவியும் படியிறங்கினார்.

கவுஸ் மைதீன் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் நான்தான்னு கபீருக்குத் தெரியுமா ஹஜ்ரத்?"

"தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"நிக்காஹ் நின்னுபோச்சுன்னா?"

"அது அவன் முடிவு. கேட்டுட்டு அவன் சொல்வான்."

கவுஸ் மைதீன் தலையாட்டினார். சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு, அதோடு விட மனமில்லாதவர்போல அவசரமாகச் சொன்னார்.

"அந்தப் பொம்பளைகிட்டயும் போறேன் ஹஜ்ரத். நாளைக்கே வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டுடறேன்."

ஹஜ்ரத் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியும் அவ வாசல்லயா நிக்கப் போறீங்க?"

கவுஸ் மைதீன் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அறையில் மீதி மூன்று பேர்.