பன்றியின் சுற்றளவு

சருகுப்பட்டிக் காவல்காரர்கள் மூன்று பேர். மூளை கொஞ்சம் குறைவுதான். ஆனால் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். ஊரைக் கெடுத்ததே அந்த நல்ல குணம்.

ஜமீன்தாரின் கடலைக்காட்டில் ஒரு காட்டுப்பன்றி புகுந்துவிட்டது. "டவுனில் ஒரு ரிவால்வர் வாங்கி அதைச் சுட்டுப்போடு. இனி ஒரு கடலை பன்றி வாயில் போச்சுன்னா, தலைக்காவல் வேலை உன் மச்சானுக்கு!" என்றார் அவர் தலைக்காவல்காரன் மாசாணத்திடம். இரண்டாவது காவல்காரனான மச்சான் ஒச்சு பக்கத்திலேயே நின்று பல்லைக் காட்டினான்.

துப்பாக்கிக் கடை ராவுத்தர் பெட்டியைத் திறந்தார்.

"துப்பாக்கியோட உடம்பைத்தான் சட்டம்னு சொல்றது. சின்னச் சட்டம் சின்னத் தோட்டாவைத்தான் தாங்கும். பெரிய தோட்டாவுக்குப் பெரிய சட்டம் வேணும், கனக்கும். எதுன்னாலும், ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரலால பின்னால இருக்கிற இந்தச் சுத்தியைப் பின்னுக்கு இழுத்துட்டுத்தான் விசையைத் தொடணும். மிருகம் எவ்வளவு பெருசு? அதுக்குத் தகுந்ததைத் தர்றேன்."

மாசாணத்துக்கு வியர்த்தது. பன்றியை அவன் அளக்கவில்லையே!

ஊருக்குத் திரும்பி, சேற்றில் தூங்கிய பன்றியின் வயிற்றில் கயிற்றைச் சுற்றினார்கள்.

"மூச்சை இழுக்கும்போது அளக்கணுமா, விடும்போதா?" என்று கேட்டான் மூன்றாமவன் மூக்காண்டி.

"விடும்போதுதான். இழுத்த மூச்சு பன்றியோடதா? அது ஊர்க்காத்து," என்றான் மாசாணம்.

அந்த அளவுக்கு வெட்டிய கயிற்றை ராவுத்தர் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், நடுத்தரச் சட்டத்தில் ஒரு துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார்.

அவர்கள் வந்தபோது பன்றி கடலை தின்றுகொண்டிருந்தது. மாசாணம் சுத்தியை இழுத்துக் குறி வைத்தான்.

"நில்லும் மச்சான்! அளவு மாறியிருந்தா?" என்று கத்தினான் ஒச்சு.

மறுபடி கயிறு. தின்கிற ருசியில் பன்றி கண்டுகொள்ளவில்லை. கயிறு நாலு விரல் போதவில்லை.

"பெரிய சட்டமா மாத்திட்டு வருவமா?" என்றான் மூக்காண்டி.

"அதுக்குள்ள இன்னும் பெருத்துரும். அப்புறம் பீரங்கிதான்," என்றான் ஒச்சு.

தலைக்காவல் மாசாணத்தின் கண்முன் ஆடியது. "துப்பாக்கியைப் பெருசாக்குறதைவிடப் பன்றியைச் சின்னதாக்குறது சுலபம்டா," என்றான்.

மிச்சக் கடலை முழுவதையும் வேரோடு பிடுங்கி ஆற்றில் விட்டார்கள்.

மறுநாள் ஜமீன்தார் மொட்டைக்காட்டில் வந்து நின்றார். "கடலை எங்கடா?"

"இனி ஒரு பருப்புகூடப் பன்றி வாயில போகாதுங்க சாமி. பட்டினியில இளைச்சு, தோட்டா அளவுக்கு வந்ததும் சுட்டுடுறேன்."

ஜமீன்தார் காட்டைச் சுற்றிலும் பார்த்தார். வேலை போச்சு என்று மாசாணம் கண்ணை மூடிக்கொண்டான்.

"மடையா!" என்று அவர் உறுமினார். "பக்கத்தில என் சோளக்காட்டை அப்படியே விட்டிருக்கியே! அங்க தின்னு மறுபடி பெருத்துடாதா?"

தலைக்காவல் தப்பியது. சோளம் பிடுங்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜமீன்தாரே முதலில் இறங்கினார்.